வொலட்டில் காசு வைத்து ஒன்லைனில் வாங்கலாமா? கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் தொழில். ஆனால் இப்போதெல்லாம் வருபவர்களில் பாதிப் பேர் போனை நீட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். “தம்பி, இதில காசு போட்டா நம்பலாமோ?” “அண்ணா, காட் நம்பர் கேக்குது, குடுக்கட்டோ?” ஒரே பதிலை நாளைக்கு நாலு தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கேட்டவை.

வொலட் என்றால் என்ன? என் காசு உண்மையில் எங்கே கிடக்கிறது?

வொலட் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் புழங்குகின்றன. குழப்பமே அதனால்தான்.

முதலாவது, காசைப் போட்டு வைக்கும் வகை. 2012இல் டயலொக் போன் கம்பனி தொடங்கிய ஈஸி கேஷ், இன்னொரு போன் கம்பனியான மொபிடெலின் எம்கேஷ் எல்லாம் இதில் சேரும். கடையில் 2,000 ரூபா தந்தால் உங்கள் நம்பரில் 2,000 ஏறும். காசு போனுக்குள் போய் உட்காருவதில்லை. இப்படி மின்காசு வெளியிடும் கம்பனி, வெளியில் விட்ட தொகைக்குச் சமமான பணத்தை ஒரு வணிக வங்கியில் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. போன் கடலில் விழுந்தாலும் காசு நனையாது என்று நான் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது, வங்கிக் கணக்கோடு கட்டிய வகை. வங்கிகளின் சொந்தச் செயலிகள், ஃப்ரீமி, ஜீனி போன்றவை. வங்கிகளை ஒன்றோடொன்று இணைக்கும் லங்காபே நடத்தும் ஜஸ்ட்பே என்ற வசதி மூலம், ஒரு செயலிக்குள் வேறு வங்கியில் இருக்கும் உங்கள் கணக்கையும் சேர்த்துவிடலாம். காசு கணக்கிலேயே கிடக்கும், வட்டியும் ஓடும். ஆனால் யாராவது உள்ளே புகுந்தால், அந்தச் செயலிக்கு வைத்த நாளாந்த வரம்பு எவ்வளவோ அவ்வளவும் அவன் கைக்கு எட்டும்.

மூன்றாவது, கார்டை வைத்துக்கொள்ளும் வகை. அப்பிள் பே, கூகுள் பே, பேபால் இவை. இவற்றில் பெரும்பாலும் காசு இராது. உங்கள் கார்ட் மட்டும் ஒரு தடவை பதிந்திருக்கும். எந்த வங்கியின் கார்ட் எதில் ஏறும் என்பதை வங்கியில்தான் கேட்க வேண்டும். ஒரு வங்கியின் கிரெடிட் கார்ட் ஏறி, அதே வங்கியின் டெபிட் கார்ட் ஏறாத கதையெல்லாம் உண்டு.

உங்களிடம் இருப்பது இந்த மூன்றில் எது என்று தெரியாமல் “பாதுகாப்பா?” என்று கேட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. முதலாவதில் போகக்கூடியது போட்ட காசு மட்டும். மற்ற இரண்டிலும் அப்படியல்ல.

நேரே கார்ட் நம்பரை அடித்தே வாங்கலாமே? இடையில் இன்னொன்று எதற்கு?

வாங்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். வாங்கும் நேரத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, பிறகுதான் இருக்கிறது. முன்பக்கத்து 16 இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து 3 இலக்கம். இவற்றை இதுவரை எத்தனை கடைகளில் அடித்திருப்பீர்கள்? தீபாவளிக்குச் சாரி எடுத்த கடை, பிள்ளைக்குப் புத்தகம் எடுத்த கடை, ஒரே ஒரு தடவை கேக் எடுத்த கடை. பின்பக்கத்து 3 இலக்கத்தைக் கடைகள் சேமிக்கவே கூடாது என்று கார்ட் கம்பனிகளின் விதி சொல்கிறது. எல்லாக் கடையும் அதைக் கடைப்பிடிக்கிறதா என்று நீங்களும் நானும் போய்ப் பார்க்க முடியாது. வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் ஓடிபி, அதாவது போனுக்கு வரும் ஒருதடவை இலக்கம், கேட்காமலே காசு எடுபடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வொலட்டின் நல்ல குணம், உங்கள் நம்பர் தெரிந்த இடங்களைக் குறைப்பதுதான். முக்கியமாக மூன்றாவது வகை. 2014இல் அப்பிள் பே வந்தபோது பெரிதாகப் பேசப்பட்ட ‘டோக்கன்’ விஷயம் இதுதான்: கார்டைப் பதிந்ததும் அந்த 16 இலக்கத்துக்குப் பதிலாக வேறொரு நம்பர் உருவாகி போனில் இருக்கும். கடைக்குப் போவது அந்த மாற்று நம்பர்.

நல்லூர்த் திருவிழாவில் செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு துண்டு தருவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டில் உங்கள் பெயரும் இல்லை, செருப்பின் விலையும் இல்லை. அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் அது வெறும் கடதாசி. உவமை ஓரிடத்தில் நொண்டும்: துண்டைத் திருடியவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். போனில் உள்ள டோக்கனோடு ஒவ்வொரு தடவையும் ஒருமுறை மட்டுமே செல்லும் ஒரு குறியீடும் சேர்ந்து போகிறது. நேற்றைய குறியீட்டைப் பிடித்து வைத்திருப்பவன் இன்று அதை வைத்து ஒன்றும் வாங்க முடியாது.

சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுப்பதுதானே நல்லது?

கையில காசு, வாயில தோசை. இந்த ஊரில் கேஷ் ஒன் டெலிவரி இவ்வளவு ஓடுவதற்கு அதுதான் காரணம். நான் அதற்கு எதிரியில்லை. பேஸ்புக்கில் நேற்றுத் தொடங்கிய, விலாசம் இல்லாத, ‘இன்பொக்ஸ் பண்ணவும்’ என்று மட்டும் போட்டிருக்கும் கடையென்றால் நானே அப்படித்தான் வாங்குவேன்.

ஆனால் அதை முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பொதி கொண்டுவரும் தம்பி காசை வாங்கிய பிறகுதான் திறக்க விடுவார். உள்ளே இருப்பது நீங்கள் சொன்ன இயர்போனா, பழைய துணியா என்று தெரியும்போது அவர் மோட்டார் சைக்கிள் அடுத்த ஒழுங்கைக்குப் போயிருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கு உள்ளே என்ன என்று தெரியாது. அதோடு பகலில் வீட்டில் ஒருவரும் இல்லாத குடும்பங்களுக்கு, பக்கத்து வீட்டு அன்ரியிடம் 4,750 ரூபாவைச் சில்லறையோடு எண்ணி வைத்துவிட்டு வேலைக்குப் போவது பெரிய தொல்லை. தெரிந்த கடைக்கு வொலட், தெரியாத கடைக்குக் காசு. நான் அப்படித்தான்.

ஓடிபி வந்தால் சொல்லலாமா? வங்கியில் இருந்துதானே கேட்கிறார்கள்?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள்.

போன வருடம் ஒரு மாலை. அடையாள அட்டை கொப்பி எடுக்க ஒரு அக்கா வந்தார். கையில் மரக்கறிப் பை, மேலே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, வந்த அழைப்பை ஸ்பீக்கரில் போட்டார். சாப்பாட்டு மேசை ஒன்றை விற்க ஒன்லைனில் விளம்பரம் கொடுத்திருந்தாராம். எடுத்தவர் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். “அக்கா, மேசை எனக்குத்தான். வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. முற்காசு இப்பவே போடுறன், உங்கட வொலட் நம்பரைச் சொல்லுங்கோ.” சொன்னார். அரை நிமிடத்தில் மெசேஜ் வந்தது. “காசு வந்து சேர ஒரு கோட் வந்திருக்கும், அந்த ஆறு நம்பரை வாசியுங்கோ.” அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசிக்கத் தொடங்கினார். நாலு இலக்கம் போய்விட்டது. நான் எட்டி அழைப்பைத் துண்டித்தேன். முதலில் என்னைத்தான் முறைத்தார்.

பிறகு இரண்டு பேரும் அந்த மெசேஜைப் பார்த்தோம். புதிய போன் ஒன்றில் அவருடைய வொலட்டைத் திறப்பதற்கான இலக்கம் அது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அதே மெசேஜின் கடைசி வரியில் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் இலக்கத்தைத் தேடினார், வரியைப் படிக்கவில்லை. அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

இதில் திருடன் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. டோக்கன், குறியீடு, கைரேகை எல்லாம் அப்படியே இருக்க, சாவியை உங்கள் வாயாலேயே கேட்டு வாங்குகிறான். கொழும்பில் வொலட்டில் காசு போன கதைகளாக என் கவுண்டருக்கு வந்தவற்றில் முக்கால்வாசி இந்த மாதிரிதான்.

ஆகவே இரண்டே விஷயம். காசு *வாங்க* ஓடிபியும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. உங்கள் நம்பரோ கணக்கு இலக்கமோ போதும். அப்புறம், வங்கியில் இருந்து என்று யார் எடுத்தாலும் “நான் திருப்பி எடுக்கிறேன்” என்று வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் நம்பருக்கு நீங்களே எடுங்கள். உண்மையான வங்கி ஆள் அதற்குக் கோபிக்க மாட்டார்.

கியூஆர் ஸ்கேன் பண்ணினால் காசு வரும் என்கிறார்களே?

வராது, போகும். லங்காகியூஆர், அதாவது இங்கே கடைகளில் ஒட்டியிருக்கும் அந்தக் கியூஆர் சதுரம், கடைக்குக் காசு கட்டுவதற்கு. ஸ்கேன் பண்ணியதும் திரையில் கடையின் பெயர் வரும். அந்தப் பெயரை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொகையை அடியுங்கள். கடை மேசையில் ஒட்டியிருக்கும் சதுரத்தின் மேல் வேறொருவன் தன் சதுரத்தை ஒட்டிவிட்டுப் போகலாம். பெயரைப் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும்.

2024 பெப்ரவரியில் இந்தியாவில் போனால் காசு கட்டும் யூபிஐ முறை லங்காகியூஆரோடு இணைந்தது. சென்னையிலிருந்து வரும் உறவினர் தன் இந்தியச் செயலியாலேயே இங்கே கட்டலாம். நாங்கள் சென்னைக்குப் போய் எங்கள் செயலியால் தி.நகரில் புடவை எடுக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. இதைக் கேட்டு ஏமாந்த முகங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

“உங்கள் பொதி தடுத்து வைக்கப்பட்டுள்ளது” என்று மெசேஜ் வந்தது. உண்மையா?

எல்லாருக்கும் புத்தி சொல்லும் நானே இதில் விழப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து பிரிண்டர் பாகம் ஒன்று வரவேண்டியிருந்தது. உண்மையிலேயே காத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, தபால் திணைக்களத்தின் பெயரில், விலாசம் பிழை, மறுபடி கொண்டுவர 86 ரூபா கட்டவும் என்று ஒரு லிங்க். 86 ரூபாதானே! கார்ட் நம்பரில் முக்கால்வாசி அடித்த பிறகுதான் மேலே இருந்த தள முகவரியைப் பார்த்தேன். தபாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தந்திரமே அந்தச் சின்னத் தொகையில்தான் இருக்கிறது. 8,600 கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். அவர்களுக்கு 86 ரூபா வேண்டாம், கார்ட் நம்பர்தான் வேண்டும். மெசேஜில் வரும் லிங்கில் கார்ட் நம்பரை அடிக்கவே கூடாது. ஏதாவது கட்ட வேண்டியிருந்தால் அந்தக் கடையின் செயலியை நீங்களே திறந்து உள்ளே பாருங்கள், அல்லது தபால் கந்தோருக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

சாமான் பிழையாக வந்தால் காசு திரும்பி வருமா?

நீங்கள் எந்த வழியில் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. வாங்கும்போது ஒருவரும் இதைக் கேட்பதில்லை.

விசா, மாஸ்டர் கார்ட் வழியாகக் கட்டியிருந்தால், சாமான் வரவில்லை, வேறு சாமான் வந்தது என்று உங்கள் வங்கியிடம் முறையிடலாம். வங்கி கடையின் வங்கியோடு பேசி, நியாயம் உங்கள் பக்கம் என்றால் காசைத் திருப்பி எடுக்கும். கார்டை வொலட்டில் ஏற்றிக் கட்டியிருந்தாலும் இந்த உரிமை போகாது. காலக்கெடு இருப்பதால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டாம். பேபால் என்றால், கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் முறைப்பாடு திறக்கலாம். ஆனால் ‘நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும்’ என்ற முறையில் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடம் கவனம். கட்டணம் மிச்சம் என்பார். அப்படி அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு, அல்லது வொலட்டிலிருந்து வொலட்டுக்கு அனுப்பிய காசு வேறு கதை. சில விநாடியில் போய்ச் சேரும். அது வசதிதான், ஆனால் திருப்பி இழுக்க கயிறு இல்லை. பெற்றவர் மனம் வைத்தால்தான் வரும். ‘வட்ஸ்அப்பில் ஸ்லிப் அனுப்புங்கோ’ என்ற வியாபாரம் முழுக்க இந்த வழியில்தான் நடக்கிறது. தெரிந்தவர் என்றால் சரி.

இன்னொன்று என் சொந்த அனுபவம். ஒன்லைன் கடை ஒன்றில் ரைஸ் குக்கர் எடுத்து, மூடி உடைந்து வந்தது, திருப்பி அனுப்பினேன். காசு வந்தது, ஆனால் என் வங்கிக்கு வரவில்லை. அந்தக் கடையின் சொந்த வொலட்டுக்குள் போய்விட்டது. அதை வைத்து அங்கேயே வேறு சாமான் வாங்கலாம், வெளியே எடுக்க வேண்டுமென்றால் தனி விண்ணப்பம். கடைசியில் தேவையில்லாத இஸ்திரிப்பெட்டி ஒன்று வாங்கினேன். திருப்பி அனுப்பும்போது ‘காசு எங்கே வரவேண்டும்’ என்று ஒரு தெரிவு வரும், அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

வொலட்டில் எவ்வளவு வைக்கலாம்?

சந்தைக்குப் போகும்போது அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறோமா? ஒரு சின்னப் பர்ஸ்தானே. இரண்டு கிழமைக்கு ஒன்லைனில் எவ்வளவு செலவு செய்வீர்களோ அவ்வளவு போதும். என்னுடையதில் 10,000 ரூபாவைத் தாண்ட விடுவதில்லை.

வங்கிக் கணக்கைக் கட்டும் வகை என்றால், சம்பளம் விழும் கணக்கையோ நகை அடகு மீட்கச் சேர்த்து வைத்த கணக்கையோ கட்டாதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து அதை மட்டும் கட்டுங்கள். நாளாந்த வரம்பைச் செயலியிலேயே குறைக்க முடிந்தால் குறைத்து வையுங்கள். பெரிதாக ஏதாவது வாங்கும் நாளில் கூட்டிக்கொள்ளலாம்.

101ஆம் நம்பர் பஸ்ஸில் போன் போய்விட்டது. வொலட் என்ன ஆகும்?

நேரே என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. என்னிடம் வரமுதல் இன்னொருவர் போனை வாங்கி உங்கள் சிம் கம்பனிக்கு எடுத்து சிம்மை நிறுத்துங்கள். அதுதான் முதல் வேலை, வங்கி கூட அதற்குப் பிறகுதான். ஏனென்றால் போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்களுக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். பிறகு வங்கி, பிறகு வொலட் கம்பனி. அப்புறம் வேறொரு போனிலிருந்து உங்கள் கூகுள் அல்லது அப்பிள் கணக்குக்குள் போய் தொலைந்த போனைப் பூட்டலாம், அழிக்கலாம். பொலிஸில் ஒரு என்ட்ரி போட்டு வையுங்கள். அதற்குக் கேட்கும், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை இப்போதே *#06# அழுத்திப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். போன் போன பிறகு அழுத்த முடியாது.

யாரும் செய்யாத ஒரு வேலை சொல்கிறேன். சிம்முக்கே ஒரு பின் போடலாம், போனின் செட்டிங்ஸில் இருக்கிறது. போட்டால், கழற்றி வேறு போனில் செருகினாலும் பின் இல்லாமல் வேலை செய்யாது. போடுமுன் சிம்மின் தற்போதைய பின் எது என்று கம்பனியிடம் கேளுங்கள். மூன்று தடவை பிழையாக அடித்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு பூட்டைத் திறக்கும் பியூகே நம்பருக்கு அலைய வேண்டும்.

என் சிம் கனடாவில் இருக்கும் தம்பியின் பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

எங்கள் ஆட்களிடம் இது மிகச் சாதாரணம். தம்பி 2009இல் எடுத்த சிம், அவர் போய்விட்டார், அக்கா பாவிக்கிறார். கதைக்கும் வரை ஒன்றுமில்லை. வொலட் திறக்கும்போது உங்கள் அடையாள அட்டை கேட்கும், நம்பரோ வேறொருவர் பெயரில். போன் தொலைந்தால் புதிய சிம் எடுக்க உங்களால் முடியாது, தம்பிதான் வரவேண்டும். அதற்குள் வொலட்டில் இருப்பது இருந்தபடி கிடக்கும். முதலில் கம்பனியின் கிளைக்குப் போய் பெயரை மாற்ற என்ன தேவை என்று கேட்டு மாற்றுங்கள். பழைய நம்பரை விடுவதென்றால், விடுமுன் வங்கியிலும் வொலட்டிலும் நம்பரை மாற்றுங்கள். விட்ட நம்பர் பிறகு வேறொருவருக்குப் போகும்.

வெளிநாட்டுத் தளங்களில் எங்கள் வொலட் செல்லுமா?

ரூபா வொலட்டுகள் பெரும்பாலும் செல்லாது. அங்கே கார்ட் அல்லது பேபால்தான். இலங்கையில் இருந்து நெடுங்காலமாகப் பேபாலில் வாங்க முடிந்தது, காசு பெற முடியாமல்தான் இருந்தது. அதனால் ‘பேபாலில் உங்களுக்குச் சம்பளம்’ என்று வேலை தருபவரிடம் முதலில் கேள்வி கேளுங்கள். டெபிட் கார்ட் என்றால் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி வங்கியிடம் கேட்க வேண்டியிருக்கும். கட்டும் பக்கத்தில் ‘ரூபாவில் கட்டவா, டொலரில் கட்டவா’ என்று கேட்டால் நான் டொலரைத்தான் தெரிவேன். அந்தத் தளம் தானே மாற்றித் தரும் ரூபா விலை பெரும்பாலும் வங்கியின் மாற்று வீதத்தை விட மோசமாக இருக்கும். சுங்க வரியைக் கணக்கில் எடுக்க மறந்து என்னிடம் வந்து புலம்பவும் வேண்டாம்.

கோகோ, மின்ட்பே எல்லாம் வொலட்டா?

இல்லை, கடன். விலையை மூன்றாகப் பிரித்துக் கட்டலாம், நேரத்துக்குக் கட்டினால் வட்டியில்லை. பிந்தினால் கட்டணம். ஒன்று எடுத்தால் பிரச்சினையில்லை. ஒரே மாதத்தில் நாலு சாமானுக்கு நாலு தவணை ஓடும்போதுதான் சம்பளம் எங்கே போனது என்று தேட வேண்டிவரும்.

ஹோட்டல் வைஃபையில் கட்டலாமா?

பெரிய பயம் வேண்டாம். செயலிகள் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆனாலும் கட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கு உங்கள் டேட்டாவைப் போட்டால் என்ன?

கரண்ட் போனால்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருட்டானது ஞாபகம் இருக்கும். அன்று என் கடையில் கியூஆர் சதுரம் சுவரில் அழகாகத் தொங்கியது, அவ்வளவுதான். கைப்பையில் ஆயிரம் ரூபாத் தாள் இரண்டு எப்போதும் இருக்கட்டும்.

காசு போய்விட்டது. யாரிடம் சொல்வது?

முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கோ வொலட் கம்பனிக்கோ. திருடன் வாங்கிய காசை உடனே வேறு கணக்குகளுக்கு மாற்றி எடுத்துவிடுவான், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெட்கப்பட்டு இரவு முழுக்க யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டு மறுநாள் வருபவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.

அவர்கள் தட்டிக்கழித்தால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம், 1935. போலித் தளம், கணக்கு களவு போவது போன்றவற்றுக்கு, கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட், 101. திருட்டென்றால் பொலிஸ், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. கடை தந்த சாமான் மட்டம், உத்தரவாதத்தை மதிக்கவில்லை என்றால் நுகர்வோர் அதிகார சபை, 1977. மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அழித்துவிட்டு வந்தால் காட்ட ஒன்றும் இராது.

அம்மாவுக்கு 70 வயது. அவருக்கு வொலட் தேவையா?

அம்மாவைக் கேளுங்கள். பிள்ளைகள் ஊரில் இல்லாதபோது மருந்தும் மரக்கறியும் வீட்டுக்கு வரவழைக்க அது பெரிய உதவி. முதல் வகையைத் திறந்து, 3,000 ரூபா போட்டு, சேமிப்புக் கணக்கைக் கட்டாமல் விடுங்கள். பிழைத்தாலும் 3,000தான். மொழியும் ஒரு சிக்கல். சில செயலிகளில் தமிழ் இருக்கிறது, ஆனால் எச்சரிக்கை மெசேஜ் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரும். முருங்கைக்காய் அக்காவுக்கு நடந்தது அதுதான். ஆறு இலக்கத்தோடு வரும் எந்த மெசேஜையும் யாருக்கும் வாசிக்கக் கூடாது என்று ஒரு துண்டில் தமிழில் எழுதி போன் உறைக்குள் வைத்துக் கொடுங்கள். என் அம்மாவின் போனில் அப்படி ஒன்று இருக்கிறது. அவர் அதை எனக்கே ஒருதரம் எடுத்துக் காட்டி, இலக்கத்தைச் சொல்ல மறுத்துவிட்டார்.

உங்கள் கடைக்கு வந்தால் வொலட் திறந்து தருவீர்களா?

வாங்கோ. அடையாள அட்டையும் உங்கள் பெயரில் உள்ள சிம் போட்ட போனும் கொண்டு வாருங்கள், பத்து நிமிட வேலை. பின் நம்பர் அடிக்கும் இடம் வந்ததும் போனை உங்கள் கையில் தந்துவிட்டு நான் போட்டோகொப்பி மெஷின் பக்கம் திரும்பிவிடுவேன். சிலர் “தம்பி, நீங்களே ஒண்டைப் போட்டு எழுதித் தாங்கோ” என்பார்கள். அது மட்டும் மாட்டேன்.